ஒரு வேல்ஸ்

இரவு பதினொன்றே கால். கார்டிஃப்.
வரும் செய்திகளுக்கு வால் நறுக்கித்
தலைப்பு ஒட்டுவது என் வேலை.

எங்கோ ஒரு கண்டத்தில் காடு எரிகிறது:
வேல்ஸ் அளவு பரப்பு.
துருவத்தில் பனிப்பாளம் பிய்ந்து மிதக்கிறது:
கால் வேல்ஸ்.

நாங்கள் முப்பது லட்சம் பேர்
ஓர் அளவுகோலின் மேல் குடியிருக்கிறோம்.
சமையலும் சண்டையும் வீட்டுக்கடனும்
அதன் கோடுகளுக்கு நடுவே.
காட்டை இழந்தவர்கள்
எங்களை எதைக்கொண்டு அளப்பார்கள் என்று
ஒரு நிருபரும் கேட்டு அனுப்பியதில்லை.

மேசையில் ஒட்டிய தாள் ஹெவின் எழுதியது,
எனக்கு முன் இந்த நாற்காலியைத் தேய்த்தவர்.
வெயிலுக்கு ஃபாரன்ஹீட், தொண்ணூறு என்றால்தான் வியர்க்கும்.
குளிருக்கு செல்சியஸ், மைனஸ் போட்டால்தான் நடுங்கும்.
பெட்ரோல் லிட்டர், பீர் பைன்ட்.
பிள்ளை பிறந்தால் பவுண்டு
வளர்ந்தால் ஸ்டோன்
எதையாவது கடத்தி மாட்டிக்கொண்டால் கிலோ.
அடியில் பென்சிலில்:
திமிங்கிலம் என்றால் இரண்டு பேருந்து.
எந்தப் பேருந்து என்று கேட்காதே.

கேட்கவில்லை, ஒன்பது வருடமாக.
ஒருநாள் நிலச்சரிவு ஒன்று
மூன்றாம் பக்கத்தில் நூறு கஜம்,
ஏழாம் பக்கப் படத்தின் கீழ் நூறு மீட்டர்.
தாளைப் புரட்டுவதற்குள்
மலை இன்னும் எட்டரை மீட்டர் இறங்கியிருந்தது.
ஒருவர் கடிதம் போட்டார்.
ஒரே ஒருவர்.

இன்றைக்குக் கூம் ஹெலிக்கில் கரை உடைந்தது.
கற்சுரங்கக்காரர்கள் கட்டிவிட்டு மறந்த நீர்த்தேக்கம்.
முதல் தந்தியில் பத்துக் கோடி லிட்டர்.
அடுத்ததில் இரண்டு கோடியே அறுபது லட்சம் கேலன்,
அமெரிக்கக் கேலனா எங்கள் கேலனா
சொல்லவில்லை, வெள்ளத்துக்கு அந்த அவகாசம் இல்லை.
மூன்றாவதில் நாற்பது ஒலிம்பிக் நீச்சல்குளம்.
"குளம் போடு," என்றார் ரோட்ரி,
"சனங்களுக்குக் கண்ணில் தெரியும்."

சனங்களில் ஒருத்தியை அழைத்தேன்.
டெக்வென் ப்யூ, அஞ்சலகத்துக்கு மேல் வீடு இல்லை,
அஞ்சலகமே வீடு.
நாற்பது குளம் என்றேன்.
"நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.
பள்ளிக்கூடத்துக் குளத்தையும்
செலவு என்று மூடிவிட்டார்கள்."

எவ்வளவு தண்ணீர்?
"முதலில் கணுக்கால்.
பாலை இறக்கிவிட்டுத் திரும்பினால் முழங்கால்.
பியானோவில் கறுப்புக் கட்டை தெரிகிறது,
வெள்ளை தெரியவில்லை."

அடிக்கணக்கில்?
"அதெல்லாம் எனக்கு எதற்கு?
மாடிக்குப் பதினாலு படி.
பத்து மீதி இருக்கிறது."

தட்டச்சு செய்தேன்: நாற்பது.
"ஒன்பது," என்றாள்.
குளத்தின் நீளம் ஐம்பது மீட்டரா என்று
சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.
"ஏழு. பூனை மேலே போய்விட்டது.
நீங்கள் இருக்கிறீர்களா?"
இருக்கிறேன்.
"எதையாவது சொல்லுங்கள்."
எனக்குத் தெரிந்ததெல்லாம் அளவுகள்.
காட்டைச் சொன்னேன், பனிப்பாளத்தைச் சொன்னேன்,
வேல்ஸைப் போல எத்தனை வேல்ஸ்
உலகத்தில் எரிந்தும் கரைந்தும் போயின என்று.
சிரித்தாள் என்று நினைக்கிறேன்.
"ஆறு," என்றாள்.

நாற்பது குளத்தை
இருட்டில் ஒருத்தி
படியால் அளந்துகொண்டிருந்தாள்.

நாலரை மணிக்குப் படகு போனது.
மீதி நாலு.

காலைப் பதிப்பில் தலைப்பு ஆறடி வெள்ளம்,
உள்ளே இரண்டு மீட்டர்,
பெட்டிச்செய்தியில் என் நாற்பது குளம்,
நீலத்தில் வரைந்து, தடம் பிரித்து,
யாரோ நீந்துவதைப்போல.

தூரதேசத்துப் பத்திரிகை ஒன்றும்
எட்டு வரி போட்டிருந்தது.
மூழ்கிய பரப்பு, அவர்கள் ஊர்ச் சந்தைத் திடலில்
ஏறக்குறைய பாதியாம்.
அந்தத் திடலை நான் பார்த்ததில்லை.
பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.
சின்னதாகவும் இருக்கலாம்.